அவர் முதலில் ஓடியது குதிரையிடம்

டாலிகஞ்சில் என் டிபன் கடைக்கு முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒருவர் வருவார். குதிரையேற்றம் சொல்லிக்கொடுப்பவர். இட்லி வரும்வரை, குதிரையின் கழுத்தைத் தடவுவதுபோல மேசையைத் தடவிக்கொண்டிருப்பார்.

என் மகளுக்குக் குதிரை ஏற ஆசை. நானோ அவள் சைக்கிள் ஏறினாலே பின்னாலேயே ஓடுகிறவன்.

“என்னுது அரபுக் குதிரை அண்ணாச்சி. பாலைவனத்துல, கூடாரத்துக்குள்ள பிள்ளைங்களோட படுத்து வளர்ந்த சாதி. பிள்ளைங்கள கீழ போடாது” என்றார். குதிரை ஏறுகிற மற்றவர்களும் அதையே சொன்னார்கள். நம்பி, மகளை ஏற்றிவிட்டேன்.

மைதானத்தில் யாரோ சட்டென்று குடை விரிக்க, குதிரை துள்ளியது. மகள் புல்லில் விழுந்தாள். அந்த மனிதர் ஓடினார், குதிரையிடம்! அதன் காலைத் தடவிப் பார்த்தார்.

“யோவ், விழுந்தது என் பொண்ணு!”

“அரபுக்குத் தோலும் மெல்லிசு, மனசும் மெல்லிசு அண்ணாச்சி. சட்டுனு மிரண்டுடும்.”

“என் பொண்ணுக்கு மட்டும் எருமைத் தோலா? இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

மகள் எழுந்து உடையைத் தட்டிக்கொண்டாள். “கத்தாதீங்கப்பா, அது பயப்படுது.”

அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அடிபட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. அவள் மறுபடி ஏறினாள். கடிவாளத்தைப் பிடித்து நடந்த அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. அது குதிரைக்காகவா, என் மகளுக்காகவா என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.