இடது இறக்கை

மன்னவனூர் போகும் வழியில் உள்ள அந்த மாதா கோயிலுக்குச் சுண்ணாம்பு வத்தலக்குண்டிலிருந்து பொதிமாட்டில் ஏறியது. கல்லை மலையிலேயே உடைத்தார்கள். கோயிலுக்குச் சிலுவை வடிவம். இடது கை மட்டும் வலதைவிட நீளம். அதற்குத் தனி வாசல், குனிந்து நுழையும் உயரம். கல் உடைத்த சேரிக்காரர்கள் அதில் உட்கார வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கிய ஏற்பாடு. இறக்கை என்று பெயர்.

அருளாயி நாற்பது வருஷம் இறக்கையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால், இறக்கையும் நடுக்கூடமும் சேரும் வளைவு வழியே பீடத்தின் வலது பாதிதான் தெரியும். அந்தப் பாதியில் சூசையப்பர் நின்றார். புருஷன் மிக்கேல் செத்தது, மகள்கள் ஏலத்தோட்டத்துக்கு இறங்கிப் போனது, எல்லாவற்றையும் அவரிடமே சொன்னாள். சேரியின் மற்ற குடும்பங்களும் ஊரைவிட்டுப் போய்விட்டன. நடுக்கூடத்தில் நற்கருணை கொடுத்து முடித்ததும் சாமியார் அவள் ஒருத்திக்காக இறக்கைக்கு நடந்து வருவார்.

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய சமயம் புதுச் சாமியார் வந்தார். தனி வாசலைப் பூட்டச் சொன்னார்.

“இனி எல்லாருக்கும் ஒரே கூடந்தான். நடுவுல வந்து உட்காருங்கம்மா.”

“இறக்கை சும்மாதான கெடக்கு சாமி,” என்றார் உபதேசியார். “விதைக்கிழங்கு போட்டுக்கலாம்ங்க.”

அடுத்த ஞாயிறு அருளாயி பெரிய வாசல் வழியாக வந்தாள். முன்னால் இருந்த ஊர்க்காரி ரோசலி திரும்பிப் பார்த்து, “வா அருளாயி, வெரசா வந்துட்டியே,” என்றாள். பிறகு தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அருளாயியின் இரண்டு பக்கமும் ஒரு பாய் அகலத்துக்குத் தரை தெரிந்தது.

பீடம் முழுதாக இருந்தது. அவள் சூசையப்பரைத் தேடினாள். அவர் முகம் சற்று இடப்பக்கம் திரும்பியிருந்தது. அவர் இறக்கையில் அடுக்கியிருந்த கிழங்கு மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் வளைவைத் தாண்டிப் போய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள்.

“கிழங்குக்குக் காவல் வச்சாச்சுடி,” என்றாள் ரோசலி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பூசை முடிந்ததும் சாமியார் வந்தார். “மறுபடியும் ஏம்மா இங்க?”

“அங்க உட்காந்தா அவரு என்னயப் பாக்கல சாமி.”

“யாரு?”

“சூசையப்பரு.”

“அது சிலைம்மா.”

“தெரியும் சாமி.”

சாமியார் பூட்டிய தனி வாசலைக் காட்டினார். “உங்களத் தனியா வச்ச எடம் இது. இங்க வந்து நான் நற்கருணை கொடுத்தா அந்தப் பாவம் எனக்கும் சேரும். அடுத்த வாரம் நடுவுக்கு வாங்க. இங்க வரமாட்டேன்.”

அடுத்த வாரமும் அவள் மூட்டைகளுக்கு நடுவேதான் இருந்தாள். நற்கருணை நேரத்தில் முழங்காலிட்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்தாள். நடுக்கூடத்தில் வரிசை நகரும் சத்தம் கேட்டது. அது நின்றது. செருப்புச் சத்தம் வளைவு வரை வந்தது. அங்கே சற்று நின்று, திரும்பிப் போனது. நற்கருணைக் கிண்ணத்தை மூடுவது கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து வாயை மூடினாள். கண்ணைத் திறந்தாள். சூசையப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.