ஏழாம் நாற்காலிக்கு ஒரு திரை

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால், முதலில் கெட்டதைச் சொல்லிவிட வேண்டும். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நாலாவது காலை முயலே நீட்டிக் காட்டினாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள். வயதில் என்னைவிட ஒன்றரை வருடம் சின்னவள், முறைக்கு அண்ணி, நான் நாத்தனார். அதனால் வாயில் 'நீங்க', மனசுக்குள் 'நீ' என்று பதினெட்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜன்னலுக்குத் திரை போடுவது அவள் தொழில். துணியைத் தைத்துத் தொங்கவிடுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்து நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள் போடுவது மேலே ஒரு குழாயில் சுற்றிக்கிடக்கும் திரை. குழாய்க்குள் மோட்டார். மொட்டைமாடியில் வெயிலைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு சென்சார். வெயில் ஏறினால் திரை தானாக இறங்கும், தணிந்தால் தானாக ஏறும். யாரும் எழுந்து போய் எதையும் இழுக்க வேண்டாம்.

தொல்லை என்னவென்றால், அவளை எல்லோரும் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். கட்டி, பூசி, பெயின்ட் அடித்து, ஆட்கள் குடிவந்து, முதல் கோடையில் கண் கூசிய பிறகுதான் போன் வரும். போய்ப் பார்த்தால் மோட்டாருக்கு ஒயர் இருக்காது, சுருள் உட்காரக் கூரையோரம் ஒரு சாண் இடம் இருக்காது. அண்ணி புத்தம் புது ஃபால்ஸ் சீலிங்கை அறுப்பாள். வீட்டுக்காரர் தன் நெஞ்சையே அறுக்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பார். கட்டட வரைபடங்களின் ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்குமாம்: 'திரை: பிறர் பொறுப்பு.' "பதினெட்டு வருஷமா அந்தப் பிறர் நான்தான்" என்பாள்.

இப்போது அண்ணனிடம் வருகிறேன். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள், மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை, ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்வார்கள். அவனுக்கு ஏழாம் நாற்காலி, மேற்கு ஜன்னலோரம். இடது கையில் இரண்டு ஊசி. அந்தக் கையை அசைக்கக் கூடாது, நாற்காலியை நகர்த்தவும் முடியாது. மூன்றே காலுக்கு வெயில் காலில் ஏறும். நாலு மணிக்கு நெஞ்சு. நாலே காலுக்கு முகம். அண்ணன் ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கிடப்பான். அரைமணியில் துண்டு காய்ந்துவிடும்.

ஊரில் பாதி ஜன்னலுக்குத் திரை போட்டவளால், புருஷன் ஜன்னலுக்குப் போட முடியவில்லை. கண்ணாடியை ஒட்டியே ஆக்சிஜன் குழாயும் ஏசிக் குழாயும் ஓடின. அங்கே ஒரு ஆணி அடிக்க ஆஸ்பத்திரி விடாது. ஒருநாள் ரப்பர் கொக்கி ஒட்டிப் போர்வையைக் கட்டினாள்; தொற்று வரும் என்று பத்தாவது நிமிடம் நர்ஸ் கழற்றிவிட்டார். கண்ணாடியில் காகிதம் ஒட்டலாமா என்று கேட்டேன். "காலை ஷிப்ட்ல வர்றவங்களுக்கு அந்த ஜன்னல்தான் உலகம். அதை அடைக்க நான் யாரு?" என்றாள். அப்படிக் கேட்டதை நினைத்து எனக்குப் பிறகு வெட்கமாக இருந்தது.

அந்த ஜன்னலுக்கு நேர் எதிரேதான் புதுக் கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டினார்கள். டயாலிசிஸ் பிரிவு முழுவதும் அங்கே மாறப்போகிறது. இரண்டாவது மாடி, பன்னிரண்டு ஜன்னல். அண்ணி எங்கிருந்தோ வரைபடத்தின் நகலைப் பிடித்துவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். விரலால் தடவிக்கொண்டே போனவள் ஒரு மூலையில் நிறுத்தினாள். பன்னிரண்டும் மேற்குப் பார்த்த ஜன்னல். ஓரத்தில் அதே குறிப்பு. ஒயருக்கு வழி இல்லை, சுருளுக்கு இடம் இல்லை, குழாய்கள் இங்கேயும் கண்ணாடியை ஒட்டியே. எல்லாம் பழையபடி, பன்னிரண்டு பேருக்கு.

மறுநாளே கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனாள். திட்டப் பொறியாளர் நல்ல மனிதர்தான். "கடைசியில பாத்துக்கலாம்மா" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பெயர் 'கடைசி சார்'. புதன்கிழமைதோறும் அங்கே கூட்டம் நடக்கும் என்று தெரிந்துகொண்டாள். புதன் அண்ணன் நாளும்கூட. அவனுக்கு ஊசி ஏற்றியதும் சாலையைத் தாண்டிப் போய் நிற்பாள். முதல் வாரம் வாசலில் நின்றாள். இரண்டாம் வாரம் உள்ளே நின்றாள். மூன்றாம் வாரம் யாரோ நாற்காலி போட்டார்கள், நாலாம் வாரம் டீயும் வந்தது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். கடைசி சார் மட்டும் நகரவில்லை.

ஐந்தாம் வாரம் அண்ணன் என்னைக் கூப்பிட்டான். "இன்னைக்கு நீயும் அவகூட போ. வர்ற திங்கக்கிழமை அந்த மாடியோட கூரைக்கு கான்கிரீட் போடுறாங்க. போட்டுட்டா அப்புறம் ஒயருக்கு வழி விட முடியாது. அவ யாரையாவது அடிச்சிடப் போறா."

போனேன். தகரக் கொட்டகை, நீள மேசை, எட்டுப் பேர். கடைசி சார் பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். "ஜன்னலுக்கு மேல வெளியில சன்ஷேடு வருதேம்மா. அப்புறம் எதுக்குத் திரை?"

"மதியம் தலைக்கு மேல நிக்கிற வெயிலுக்கு அது போதும் சார். நாலு மணி வெயில் குனிஞ்சு உள்ள வரும். அதுக்கு சன்ஷேடு தெரியாது."

"சரி, கட்டி முடிச்சதும் போடலாமே?"

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா சார்? கடைசியில வந்தா நான் கூரையை உடைக்கணும். நோயாளிங்க இருக்கிற இடத்துல உடைக்க விடமாட்டீங்க. அப்ப திரையே வராது. இப்பன்னா பென்சில்ல ஒரு கோடு, கம்பிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் குழாய். அவ்வளவுதான் கேக்கறேன்."

கடைசி சார் நாற்காலியில் சாய்ந்தார். "நேரா கேக்கறேன்மா, தப்பா நினைக்காதீங்க. இந்த வேலை உங்க கடைக்குக் கிடைக்கணும். அதுதானே?"

எனக்குச் சுருக்கென்றது. அடிக்கப்போவது நான்தானோ என்று பயந்துபோய் மேசைக்கு அடியில் கையைக் கட்டிக்கொண்டேன். அண்ணி கோபப்படவில்லை. அவள் சொன்னது நான் அதுவரை கேள்விப்படாத கதை.

"என் தப்பு ஒண்ணு சொல்றேன். ஒரு நூலகத்துக்கு தானா இறங்குற திரை போட்டேன். அங்கயும் கடைசியிலதான் கூப்பிட்டாங்க. மாடியில சென்சார் வைக்க மிச்சம் இருந்த இடம் தண்ணித் தொட்டி பக்கத்துல. வச்சிட்டேன். மூணு மணிக்குத் தொட்டி நிழல் சென்சார் மேல விழுந்துச்சு. அது வெயில் போயிடுச்சுன்னு நினைச்சு அத்தனை திரையையும் தூக்கிடுச்சு. சரியா வெயில் ஜன்னல்ல அடிக்கிற நேரம். நூலகர் ஒரு வாரம் பாத்துட்டு சுவிட்சை அணைச்சுட்டு நியூஸ்பேப்பர் ஒட்டிட்டார். நான் போட்ட திரை இன்னைக்கும் சும்மா தொங்குது. அங்க எங்கிட்ட யாரும் முன்னாடி கேக்கல, நானும் முன்னாடி போய்க் கேக்கல. அதனாலதான் இப்ப வந்து நிக்கிறேன்."

அண்ணி என் கைப்பையிலிருந்து என் பேனாவையே எடுத்து, மேசையில் கிடந்த தாளில் எழுதினாள்: 'இந்தக் கட்டடத்தின் திரை வேலையை என் கடை எடுக்காது.' கையெழுத்துப் போட்டாள். நான் அவள் தொடையைக் கிள்ளினேன். அவ்வளவு பெரிய வேலை இந்த ஊரில் அதற்கு முன் வந்ததில்லை, இனி வருமா என்றும் தெரியாது. அவள் என் கையைத் தட்டிவிட்டுத் தாளைக் கடைசி சார் பக்கம் தள்ளினாள்.

"யாரு வேணா போடட்டும் சார். இடத்தை மட்டும் விடுங்க."

ஆர்க்கிடெக்ட், கொண்டையில் பென்சில் செருகிய பெண், அதுவரை வாய் திறக்காதவர், பென்சிலை உருவினார். "சுருளுக்கு எவ்வளவு இடம் வேணும்?"

"ஒரு சாண். ஃபால்ஸ் சீலிங் கண்ணாடியைத் தொடாம ஒரு சாண் உள்ளயே நிக்கணும். குழாயெல்லாம் அதுக்கும் உள்ள தள்ளிப் போகட்டும். ஒவ்வொரு ஜன்னலுக்கும் உத்தரத்துல ஒயர் வர ஒரு வழி. சென்சார் கம்பத்தைத் தெக்கு மூலையில, மேக்குப் பாத்து, தொட்டி நிழல் எட்டாத இடத்துல."

அவர் கோடு போட்டார். ஓரத்தில் இருந்த 'பிறர் பொறுப்பு' என்பதை அடித்துவிட்டு, 'இப்போதே' என்று எழுதினார். கடைசி சார் பெருமூச்சு விட்டு, கம்பி கட்டுபவர்களுக்கு போன் போட்டார்.

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். திங்கட்கிழமை காலை, கான்கிரீட் லாரி வருவதற்கு முன்பே அண்ணி மேலே ஏறி எண்ணிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு ஜன்னலுக்கு, ஒயர் வரும் பிளாஸ்டிக் குழாய் பதினொன்றுதான் இருந்தது. விட்டுப்போனது அண்ணன் உட்காரப்போகிற பக்கம்கூட இல்லை, கடைசி மூலை. "ஒண்ணுதானேக்கா, பரவால்ல" என்றார் கம்பி கட்டுபவர். "அங்க உக்கார்றவருக்கு ஒரு முகம்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கீழே போய் லாரிக்கு முன்னால் நின்றாள். இருபது நிமிடம் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அந்தக் குழாயைக் கட்டி முடித்த பிறகுதான் நகர்ந்தாள்.

பதினாறு மாதம் கழித்துக் கட்டடம் திறந்தது. திரை வேலையை வேறொரு கம்பெனி எடுத்திருந்தது. முதல் நாள் அவர்களுடைய ஆள் ஒவ்வொரு ஜன்னலாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி யாரென்று அவருக்குத் தெரியாது. "மேடம், இந்த வேலையில இப்படி ஒரு கட்டடம் நான் பாத்ததே இல்ல. ஒரு ஓட்டை போடல, ஒரு தூசு விழல. யாரோ மொதல்லயே யோசிச்சு வச்சிருக்காங்க" என்றார். நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் காலை மிதித்தாள்.

அண்ணன் இங்கேயும் ஏழாம் நாற்காலிதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியிருந்தான். வலது கையில் ஈரத்துண்டு தயாராக இருந்தது. ஆறு வருடப் பழக்கம் அதன்பிறகும் ஒன்றரை வருடம் நீண்டுவிட்டது, லேசில் போகுமா? மூன்றே கால் ஆனது. வெயில் அவன் கால்விரலைத் தொட்டது. நாங்கள் மூவரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தலைக்கு மேலே மெல்ல ஒரு முனகல். பன்னிரண்டு திரையும் ஒன்றாக இறங்கின. வெயில் அவன் காலை விட்டு ஜன்னலுக்கே திரும்பிப் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் எதையும் இழுக்கவில்லை. மூலை நாற்காலியில் இருந்த பெரியவர் தூக்கத்தில் புரண்டுகூடப் படுக்கவில்லை.

அண்ணி குனிந்து திரையின் அடிக்கட்டையை உற்றுப் பார்த்தாள். "ரெண்டு மில்லிமீட்டர் சாஞ்சிருக்கு. நான் போட்டிருந்தா இப்படி இருக்காது" என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணன் துண்டை அவளிடம் நீட்டினான்.

"எனக்கு இனிமே வேணாம். நீ முகத்தைத் தொடச்சிக்கோ."