ஃபிலிமோடு உரிந்து வந்த பெயிண்ட்

கீழக்கரையின் உப்புக் காற்றுக்குப் பயந்து, கணவரின் அண்ணனிடம் வாங்கிய பழைய காரின் பெயிண்ட் மேல் கடையில் கொடுத்துப் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டினேன். இரண்டே மாதத்தில் பின்கதவில் ஃபிலிம் உப்பிக்கொண்டு வந்தது. ஒட்டிய கடையிலேயே அதை உரித்தபோது பெயிண்டும் சேர்ந்து உரிந்தது. கடைக்காரரிடம் கத்திவிட்டேன்.

"கம்பெனி பெயிண்ட் இப்படி வராதுக்கா. நசுங்குனத மறைக்க உள்ள பட்டி பூசியிருக்கு. இங்கன பாருங்க, வெல்டிங். பெருசா அடிபட்ட வண்டி" என்றார் அவர்.

அந்தக் கதவோரம் உட்கார்ந்துதான் என் மகள் தினமும் பள்ளிக்குப் போனாள். கணவரின் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பியாம்மா?" என்றார்.

கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். மகள் இப்போது பஸ்ஸில் போகிறாள். இனி பழைய கார் வாங்கினால், உள்ளே பட்டி இருக்கிறதா என்று மெக்கானிக்கை வைத்துப் பெயிண்டின் கனத்தை அளந்த பிறகுதான் பேச்சு. விற்பவர் சொந்தக்காரர் என்றால் இன்னொரு முறையும் அளக்கச் சொல்வேன்.