மிளகுக் கை

கொல்லிமலையில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவின் சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புப் படித்தேன். சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே. காலையில் பக்கத்துத் தோட்டத்தில் மிளகுக் கொத்துகளை உதிர்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு ஓடுவேன். அதற்குள் மற்ற பெண்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்து நாடி பார்க்கப் பழகிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தியிடம் கையை நீட்டினேன்.

"வேண்டாம் கண்ணு, உன் கை பட்டா எரியுது" என்றாள்.

கண்ணு என்றுதான் சொன்னாள்; கையைத்தான் தரவில்லை. அதன்பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. மிளகுக் காலம் முழுவதும் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி என் நாடியை நானே பிடித்து எண்ணினேன்.

வார்டில் முதல்முறையாக நாடி பார்க்கச் சொன்னார்கள். காய்ச்சலில் கிடந்த பெண் ஒருத்தி, அதே மலையில் குண்டூர் நாடு என்ற பகுதிக்காரி, கேட்காமலே கையைக் கொடுத்தாள். கை கதகதப்பாக இருந்தது. கடிகாரத்தின் வினாடி முள் ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்றும் போய்விட்டது. அவள் பயந்துவிட்டாள்.

"ஏனுங்க அம்மணி, நெம்ப மோசமுங்களா?"

"இல்லீங்க, இன்னும் எண்ணி முடிக்கலீங்க" என்றேன்.

நான் எண்ணத் தொடங்கவே இல்லை.