பேட்டை நீட்டு என்று கத்தியவள்

அலுமினிய பேட் ஒருவரின் கணுக்கால் எலும்பில் படும் சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. அடித்தது என் மகள். அடிக்க வைத்தது நான்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால், இன்னும் கட்டடம் எழும்பாத செம்மண் திடல் ஒன்றில் ஞாயிறு காலைகளில் பேஸ்பால் ஆடுகிறார்கள். தொடங்கிவைத்தவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கும் ஜப்பானியப் பெண். என் வயதுதான். அவரோடு முதலில் சேர்ந்தவர் அங்கேயே லேத் ஓட்டும் திருப்பத்தூர்க்காரர். பிறகு கன்னடக்காரர்கள் சிலர், கடைசியாகப் பதினைந்து வயது என் மகள். மண் நிரப்பிய சாக்குகள்தான் பேஸ்கள், அதாவது ஓடிப்போய்த் தொட வேண்டிய இடங்கள். ஆட்டத்துக்கு முன் ஜப்பானியப் பெண் திடலைப் பார்த்து இடுப்பு வரை குனிவார். லேத்காரர் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். யாரும் யாரிடமும் விளக்கம் கேட்டதில்லை.

தொழிற்சாலையில் லேத்காரரிடம் தமிழ் பழகிய அந்த ஜப்பானியப் பெண் என்னை ‘அக்கா’ என்பார். இடைவேளையில் என்னருகில் உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்து புளியோதரையைக் கேட்காமலே எடுத்துச் சாப்பிடுவார். இந்த ஊருக்கு வந்த பிறகு அப்படி உரிமையெடுத்துக்கொண்ட முதல் ஆள் அவர்தான்.

கிரிக்கெட்டில் பேட்டோடு ஓடி, கோட்டுக்குள் அதை நீட்டி வைக்க வேண்டும். பேஸ்பாலில் அடித்ததும் பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி, காலால் பேஸைத் தொட வேண்டும்; அதற்குள் பேஸில் கால் ஊன்றி நிற்பவர் பந்தைப் பிடித்துவிட்டால் அவுட். மகளுக்கு இதைப் பலமுறை சொல்லியிருந்தார்கள். அன்று பதற்றத்தில் பேட்டோடு ஓடினாள். அதோடு போயிருந்தால் யாராவது திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். அண்ணன்களோடு தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த நான், எழுந்து நின்று கத்தினேன்.

“பேட்டை நீட்டுடி! நீட்டு!”

நீட்டினாள். முதல் பேஸில் ஒரு காலை ஊன்றிப் பந்துக்காகக் காத்திருந்தவர் அந்த ஜப்பானியத் தோழி.

எலும்பில் விரிசல். மாவுக்கட்டு. மருத்துவமனையில் அவரிடம், “நான்தான் கத்தினேன்,” என்றேன்.

“தெரியும்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “எல்லாருக்கும் கேட்டது.” சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வலியா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

மகள், “இனிமே நான் போமாட்டேன்மா. அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?” என்று அழுதாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குள் ஒரு பாதி நிம்மதி அடைந்தது. இனி அவள் முகத்தை நோக்கி எந்தப் பந்தும் வராது. மறு பாதிக்குத்தான் தெரிந்தது, அவள் ஆட்டத்தை இழக்கிறாள், நான் தோழியை இழக்கிறேன் என்று. இரண்டு ஞாயிறுகள் ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் வீட்டிலேயே கிடந்தோம்.

மூன்றாவது சனிக்கிழமை அவரே போன் செய்தார்.

“அக்கா, முதல் பேஸ்ல ஆள் இல்ல. நீங்க வாங்க.”

“எனக்கு ஆடத் தெரியாதே.”

“கத்தத் தெரியுது. போதும். பொண்ணு அடிக்கணும், நீங்க அங்க நிக்கணும்.”

மகளிடம் சொன்னபோது, “நீயா? பல்லியப் பாத்தாலே கட்டில் மேல ஏறுவ!” என்று அத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். நான் அங்கே நிற்பதைப் பார்க்கவாவது வருவதாகச் சொன்னாள்.

மறுநாள் காலை திடலில் லேத்காரர் என் கையில் கையுறையை மாட்டிவிட்டார். “பந்தப் பாருங்கம்மா. பொண்ணப் பாக்காதீங்க. பொண்ணப் பாத்தீங்கன்னா பல்லு போயிடும்.”

தோழி முதல் பேஸுக்குச் சற்றுத் தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலியில், கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். மகள் தயங்கித் தயங்கி அவரிடம் போனாள்.

“சாரி ஆன்ட்டி.”

“ஆன்ட்டியா? அய்யய்யோ! அக்கா சொல்லு. போ, அடி.”

பந்து வந்தது. அடித்தாள். பந்து உருண்டு மூன்றாவது பேஸ் பக்கம் போனது. அங்கிருந்தவர் அதை எடுத்து என்னை நோக்கி எறிந்தார். மகள் என்னை நோக்கி ஓடிவரும் காலடி கேட்டது. கையில் பேட் இருக்கிறதா என்று பார்க்க உடம்பு துடித்தது. பார்க்கவில்லை. பெற்றவள் ஒருத்திக்கு அதைவிடக் கடினமான வேலை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பந்து கையுறைக்குள் வந்து விழுந்தது. உள்ளங்கை தீப்பட்டதுபோல் எரிந்தது. அதன் பிறகுதான் மகளின் கால் சாக்கை மிதித்தது. அவள் கைகள் வெறுமையாக இருந்தன.

“அவுட்!” என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

“இல்லவே இல்ல! அம்மா கால் பேஸ்லயே இல்ல!”

“இருந்துச்சுடி!” என்றேன் நான்.

மகள் என்னை விட்டுவிட்டு நேராக நாற்காலிக்குப் போனாள். அவர் முன்னால் மண்டியிட்டு, விரலால் செம்மண்ணில் படம் வரைந்து, என் கால் எங்கே இருந்தது, அவள் கால் எங்கே விழுந்தது என்று காட்டினாள். அவர் குனிந்து அதை அழித்துவிட்டு வேறு மாதிரி வரைந்தார். “அக்கா, நீங்க சும்மா சொல்றீங்க!” என்று அவள் கத்தினாள். அவரும் விடுவதாக இல்லை.

“அம்மா, அடுத்த ஆளு ரெடி,” என்றார் லேத்காரர்.

நான் காலைச் சாக்கின்மேல் அழுத்தி ஊன்றிக்கொண்டேன்.