பேசும் கார்டுக்கு ஒரு போர்டு

அந்தச் சித்திரையில் கோவில்பட்டிப் பக்கம் பெய்த மழை, கரிசலில் புழுதி அடங்கக்கூடக் காணாது. இடி மட்டும் குறைவில்லாமல் விழுந்தது. ஒரு இடிக்கு எங்கள் தெரு முழுக்க விளக்குகள் படபடத்து அணைந்தன. கரண்ட் திரும்பியபோது எல்லா வீட்டிலும் எல்லாம் ஓடியது. எங்கள் வீட்டில் அக்காவின் கம்ப்யூட்டர் மட்டும் ஓடவில்லை. எங்களுக்கென்று வருகிற கேடுகாலம் எப்போதும் அப்படி வீடு பார்த்துத்தான் வரும்.

அக்காவுக்குச் சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. அம்மாவும் இல்லை. அப்பா பஜாருக்குப் பின்னால் மிளகாய், மல்லி அரைக்கும் மில் வைத்திருந்தார். நான் விளாத்திகுளத்தில் ஒரு பருத்தி வியாபாரியிடம் கணக்கு வேலை. அக்கா தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவது வெகுநாள் என் தலையில்தான் இருந்தது. பஸ்ஸில் இடிபட்டு வந்து உட்கார்ந்து வாசிப்பேன். ஒரு வரியைத் திரும்பக் கேட்டால் எனக்குச் சுள்ளென்று வரும். அதனால் அவள் திரும்பக் கேட்பதையே விட்டுவிட்டாள். புரியாததைப் புரிந்த மாதிரி வைத்துக்கொண்டு இருந்தாள்.

அந்த நிலைமையை மாற்றியது ஒரு கார்டு. அவள் படித்த விடுதிப் பள்ளியில் இருந்த ஒரு வெள்ளைக்கார வாத்தியார், ஊரைவிட்டுப் போகும்போது தன் பழைய கம்ப்யூட்டரையும் இங்கிலீஷ் புத்தகங்கள் ஏற்றிய சில குறுந்தகடுகளையும் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டருக்குள் என் முழங்கை நீளத்துக்கு ஒரு கார்டு. திரையில் உள்ள இங்கிலீஷை அது வாய்விட்டுப் படிக்கும். சளி பிடித்த ஆள் மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு குரல். எனக்கு ஒரு வார்த்தை விளங்காது. அக்காவுக்கு அத்தனையும் விளங்கும். ஒரே பத்தியை ஐந்தாறு தரம் கேட்பாள், அதற்குக் கோபமே வராது. ஒருநாள் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். "புஸ்தகத்துல ஒரு கிறுக்கன் வாரான்ல" என்றாள். யாரும் வாசித்துக் காட்டாமல் அக்கா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இடி விழுந்ததில் மதர்போர்டும் படம் காட்டுகிற டிஸ்பிளே கார்டும் எரிந்துவிட்டன. பேசும் கார்டு தப்பித்தது. அதுவரைக்கும் சாமிக்குக் கண் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். வேறு போர்டு வாங்கி மாட்டினால் முடிந்தது என்று கடைக்குப் போனேன். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. பேசும் கார்டு பழைய காலத்தது. அதைச் செருக நீளமான கறுப்பு ஸ்லாட் வேண்டும், ஐ.எஸ்.ஏ. என்பார்கள். புதுப் போர்டுகளில் எல்லாம் குட்டையான வெள்ளை ஸ்லாட், பி.சி.ஐ. கடையில் கிடைக்கிற டிஸ்பிளே கார்டுக்கு வெள்ளை வேண்டும், அக்காவின் கார்டுக்குக் கறுப்பு வேண்டும். டிஸ்பிளே கார்டு இல்லாமல் கம்ப்யூட்டரே கிளம்பாது, அதனால் இரண்டும் ஒரே போர்டில் இருந்தால்தான் அக்கா படிக்க முடியும். மார்கழியில் பரீட்சை.

"கறுப்பா? அதெல்லாம் போன தலைமுறை அண்ணாச்சி. கார்டத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்றார் கோவில்பட்டிக் கடைக்காரர்.

"புதுசு பேசுமாய்யா?" என்று கேட்டேன்.

"பாட்டுப் பாடும்" என்றார்.

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பேசுகிற சாப்ட்வேர் தனியாக விற்கிறது என்பதெல்லாம் அப்போது எனக்கும் தெரியாது, அந்த ஆளுக்கும் தெரியாது.

கார்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய எனக்குப் பயம். பஸ்ஸில் ஒருத்தன் மேலே சாய்ந்தால் போச்சு. அதனால் தீப்பெட்டி பண்டல் வருகிற அட்டையில் கார்டின் நீள அகலத்துக்கு ஒன்று வெட்டி, செருகும் பல்லையும் அதேபோல் வெட்டி எடுத்துக்கொண்டேன். அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன், மதுரைக்குப் போனேன். அட்டையை எடுத்து போர்டின் மேல் வைத்துப் பார்க்கிற என்னைப் பார்த்துக் கடைப் பையன்கள் சிரித்தார்கள். திருநெல்வேலியில் ஒருவர் கறுப்பு ஸ்லாட் இருக்கிறது என்று சத்தியம் பண்ணினார். போய்ப் பார்த்தால் அது கட்டைவிரல் நீளத்தில் வேறு எதற்கோ உள்ளது. மதுரைக்காரர் அடுத்த வாரம் வாங்க, அடுத்த வாரம் வாங்க என்று என் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தின்றார். கடைசியில் ஒரு போர்டை எடுத்துப் போட்டார். கறுப்பு ஸ்லாட் இருந்தது, அதற்குள் பாதிப் பின்கள் இல்லை. அந்த இடத்திலேயே அவரோடு சண்டை போட்டேன். சண்டை போட்டு என்ன பிரயோஜனம், வெறுங்கையோடு பஸ் ஏறினேன். வழியில் பஸ் நின்றபோதெல்லாம் இறங்கி அப்படியே எங்காவது போய்விடலாமா என்று இருக்கும். வீட்டுக்குப் போனால் அக்கா கேட்பாளே.

அவள் கேட்க மாட்டாள். அதுதான் இன்னும் மோசம். என் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு, "சாப்பிடுதியால?" என்பாள்.

ஆவணியில் லீவு போட்டுச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். மூடிப்போன ஏதோ ஒரு ஆபீஸின் போர்டுகளை ஒருவர் நடைபாதையில் குவித்து வைத்திருந்தார். குவியலுக்குள் கையை விட்டுத் துழாவினேன். மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. அட்டையை வைத்துப் பார்த்தேன். ஒரு கறுப்பில் வைத்தால் பிராசஸர் விசிறி இடித்தது. இன்னொன்றில் சரியாக உட்கார்ந்தது. விற்றவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னா தலீவா, ஜோசியம் பாக்குறியா?" என்றார். சிரித்தேன். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் சிரித்தேன்.

வீட்டில் மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் அந்த மூக்கடைத்த குரல் வந்தது. அக்கா இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா சட்டென்று எழுந்து மில்லுக்குப் போய்விட்டார். அழத்தான் போயிருப்பார். கார்டின் நீளத்துக்குப் பெட்டியின் பக்கத் தகடு மூடவில்லை. எங்கள் ஊர் வெக்கைக்குத் திறந்திருப்பதும் நல்லதுதான் என்று அப்படியே விட்டோம். அன்றிலிருந்து அக்கா விட்டதைப் பிடிக்கப் படித்தாள், அப்படிப் படித்தாள்.

அடுத்து ஆயுத பூஜை வந்தது.

மில்லில் அப்பா பூஜை போடுவதைப் பார்க்க வேண்டும். முதல் நாளே கழுவித் துடைத்து, சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு உட்காருவார். கதவுக்கு, சுவருக்கு எல்லாம் சும்மா ஒப்புக்குத்தான். மோட்டாருக்கும் பேரிங்குக்கும் தராசுக்கும் கை நிறைய எடுத்துப் பொட்டு வைப்பார். வேலை பார்க்கிற உறுப்புக்குத்தான் மரியாதை என்பது அவர் கணக்கு. அந்த வருஷம் மில்லை முடித்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் கடையில் பொரிகடலை வாங்கிக்கொண்டிருந்தேன். பெட்டி திறந்துதான் இருந்தது.

மறுநாள் விஜயதசமி. எந்திரங்களை மறுபடி ஓட்டுகிற நாள், படிப்பைத் தொடங்குகிற நாள். அப்பா மாவிலையால் எல்லாவற்றுக்கும் மஞ்சத்தண்ணீர் தெளித்துவிட்டு, "நல்ல நேரம் வந்துட்டுத்தா, நீயே போடு" என்று அக்காவை உட்கார வைத்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. ஈரத்தோடு ஓடிவந்தேன். சந்தனம் தீய்ந்த வாசனை வீடு முழுக்க அடித்தது.

கார்டில் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். வரிசை தவறாமல், அவ்வளவு நேர்த்தியாக வைத்திருந்தார். மஞ்சத்தண்ணீரில் எல்லாம் இளகி ஒழுகி, ஒரு மூலை கரிந்து கிடந்தது.

"பெட்டிக்கு வச்சா என்னல இருக்கு, வேலை பாக்கது அதுல்லா" என்றார் அப்பா. அவருக்கு இன்னும் விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் விளங்கியது. அவரை நான் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அக்கா கேட்டது ஒன்றுதான். "இன்னொன்னு கெடைக்குமால?"

கிடைக்காது. அந்தக் கார்டைச் செய்த கம்பெனியே இல்லை என்று வாத்தியார் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கறுப்பும் வெள்ளையுமாக அது நன்றாக ஓடியது, திரையில் அக்காவின் பாடமெல்லாம் பளிச்சென்று வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அடித்து உடைக்கலாம் போல இருந்தது. பழையபடி நான் வாசிக்க உட்கார்ந்தேன். பழையபடி அவள் எதையும் திரும்பக் கேட்கவில்லை.

ஒருநாள் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏலே, அந்த டிவில வார எழுத்தையெல்லாம் பெருசா மாத்த முடியுமா? லாரி நம்பர் பிளேட்டுல இருக்க மாதிரி?"

"எதுக்குப்பா?"

"சும்மாதாம்ல."

எல்லாவற்றையும் கேப்பிட்டல் எழுத்தாக மாற்றிக் கொடுத்தேன். அப்பா படித்தது மூன்றாம் கிளாஸ். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது லாரி நம்பரிலும் மூட்டையிலும் பார்த்த பெரிய எழுத்துகள் மட்டும்தான். அடுத்த நாள் வேலை முடிந்து வந்தபோது மில்லை நேரத்தோடு அடைத்துவிட்டு அவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மிளகாய்ப்பொடி ஒட்டிய விரலைத் திரையில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "டி. எச். இ. அப்புறம் கொஞ்சம் எடம் விட்ருக்கான். டபிள்யூ. ஓ. ஆர்." அக்கா கண்ணை மூடி, எழுத்துகளைச் சேர்த்து வார்த்தையாக்கி, வார்த்தையைச் சேர்த்து வரியாக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வரி முடிந்ததும் அப்பா, "வந்துட்டா?" என்பார். "வந்துட்டுப்பா" என்பாள்.

தினமும் நடந்தது. தினமும் அரைப் பக்கம் போகும். எனக்கு அந்த அறைக்குள் போகவே தைரியம் இல்லை.

ஒரு வாரம் பொறுத்து அக்கா என்னிடம் சொன்னாள். "பரீட்சைக்கு நான் போகலல. அப்பாட்ட வேண்டாம்னு நீ சொல்லிரு. நான் சொன்னா அவியளுக்குத் தாங்காது."

காலையில் மில்லுக்குப் போய்ச் சொன்னேன். அப்பா மோட்டாரை நிறுத்தினார். கையைத் துண்டில் துடைத்தார்.

"நான் இன்னும் கொஞ்சம் வெரசாப் படிச்சா சரியா வருமால?" என்று கேட்டார்.

"வராதுப்பா" என்றேன்.