ஊர் மருமகனின் பதினைந்து நிமிடம்

என் மகள் ஒரு போலந்துக்காரரைக் கட்டப்போவதாகச் சொன்னபோது எங்கள் வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. நான்காம் நாள், மாப்பிள்ளை சம்பளத்துக்கு உதைபந்தாடுகிறவர், அதிலும் முன்னால் நின்று கோல் அடிக்கிற சென்ரர் போவேட் என்று தெரிந்ததும் நான் கட்சி மாறிவிட்டேன். "வெள்ளைக்காரன் எண்டாலும் எங்களைப் போல வேதக்காரன்தானே" என்று மனைவியும் ஒருவாறு மனதைத் தேற்றிக்கொண்டார்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது கடற்கரை ஊர். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க முன்பே அவன் எந்தக் காலால் உதைக்கிறான் என்று பார்த்துவிடுவார்கள். அந்தப் பைத்தியத்தையும் கட்டிக்கொண்டுதான் நாங்கள் கனடாவுக்கு வந்தோம். ஒவ்வொரு கோடையிலும் ஸ்காபரோவில் ஊர்ச் சங்கங்களுக்கு இடையே ஒருநாள் சுற்றுப்போட்டி நடக்கும். ஊரில் பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், ஊரில் பெண் எடுத்தவர்கள் மட்டுமே ஆடலாம் என்பது விதி. பட்டியலில் பெயர், வயது, ஊர் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். கூலிக்கு ஆள் பிடித்து இறக்குவதைத் தடுக்கத்தான் அந்த விதி வந்தது. முதன்முதலில் அப்படி ஆள் இறக்கியவர்களில் நானும் ஒருவன். அதை இங்கே மறைத்துப் பயனில்லை.

எங்கள் அணிக்கு நான்தான் பொறுப்பாளர். நான்கு வருடங்களாகப் பக்கத்து ஊர்க்காரரிடம் இறுதியாட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தோம். அவர்களுடைய பொறுப்பாளரும் நானும் ஒருகாலத்தில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். ஒவ்வொரு வருடமும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, "அண்ணை, அடுத்த முறை பாப்பம்" என்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த நிலையில்தான் ஊரில் பெண் எடுத்தவராக ஒரு சென்ரர் போவேட் வந்து சேர்ந்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றே நினைத்தேன்.

மருமகனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. இருபத்தொன்றில் போலந்தை விட்டுப் புறப்பட்டவர். ஸ்லோவாக்கியா, சைப்பிரஸ், நோர்வே, பிறகு ஆசியாவில் ஒரு நாடு என்று சுற்றிவிட்டு ரொறன்ரோவுக்கு வந்து, இங்கே ஒரு சிறிய தொழில்முறைக் கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தார். எந்த நாட்டிலும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. பாஷை பிடிபடும் நேரத்தில் ஒப்பந்தம் முடிந்துவிடும் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் பாஷை மட்டும் அவருக்குக் கொஞ்சம் வேகமாகவே பிடிபட்டது. மாமா, மாமி, காணும், இன்னும் கொஞ்சம் மீன் என்ற அளவுக்கு வந்திருந்தார்.

அந்தக் கோடையில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கிடைத்தால் மூன்று வருடம் இங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் வேறு நாட்டில் கழகம் தேடிப் போகவேண்டும், மகளும் கூடப் போவாள். இது எனக்கு நன்றாகத் தெரியும். மகள் என் முகத்தைப் பார்த்தே என்ன கணக்குப் போடுகிறேன் என்று கண்டுபிடித்து, கையைப் பிடித்துச் சொன்னாள்.

"அப்பா, அவர் வெளியில விளையாட ஏலாது. கன்ராக்ற்றில எழுதியிருக்கு. காயம் பட்டால் எல்லாம் முடிஞ்சுது. கேக்கவே கேக்காதேங்கோ."

நான் கேட்கவில்லை. பட்டியலில் எழுதினேன், அவ்வளவுதான். பெயர், வயது, ஊர் என்ற இடத்தில் எங்கள் ஊர். பெயரைப் பார்த்து எதிரணி கொஞ்சம் பயப்படட்டுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பட்டியலைச் சாப்பாட்டு மேசையில் வைத்தபோது மருமகன் அதை எடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். விளையாட்டாக எடுக்கிறார் என்று நினைத்தேன்.

போட்டி நாளில் அவர்கள் இருவரும் பார்வையாளர்களாகத்தான் வந்தார்கள். இறுதியாட்டத்துக்கு முன் பக்கத்து ஊர்ப் பொறுப்பாளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளைக்காரனை எப்படி ஊர்க்காரன் என்று எழுதலாம் என்பது அவருடைய வாதம். நான் விடுவேனா? அரை மணித்தியாலம் தொண்டை கிழியக் கத்தினேன்.

"என்ரை பிள்ளையைக் கட்டினவர் என்ரை ஊர். இல்லையெண்டு சொல்ல நீ ஆர்?"

அந்த அரை மணித்தியாலமும் மருமகன் ஒரு மேப்பிள் மரத்தடியில் நின்றார். மகள் அவருடைய காதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் போட்டிக்குழு என் பக்கம் சாய்ந்தது. வென்றுவிட்டேன் என்ற திமிரில் அவர் பக்கம் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார்.

ஆட்டம் முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது நாங்கள் ஒரு கோல் பின்னால் நின்றோம். அப்போது மருமகன் காரடிக்குப் போனார். தண்ணீர் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது காலில் பூட்ஸ் இருந்தது. அவர் பூட்ஸைக் கொண்டுவந்திருந்தார் என்பது மகளுக்கே தெரியாது. அவள் ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அவளிடம் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டு என் முன்னால் வந்து நின்றார். அந்த இடத்தில் நான் "வேண்டாம் தம்பி" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எங்கள் பையன் ஒருவனை வெளியே கூப்பிட்டேன்.

அப்படி ஓர் ஆட்டத்தை எங்கள் மைதானத்தில் நான் கண்டதில்லை. பந்து அவரிடம் போனால் திரும்பி வராது. இறங்கி ஏழாவது நிமிடத்தில் கோல் அடித்தார். ஊரே உள்ளே இறங்கிக் குதித்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில், எதிரணியில் பஸ் ஓட்டுகிற ஒரு தொப்பைக்காரர், ஒரு வஞ்சகமும் இல்லாமல், பந்தைத்தான் குறிவைத்துச் சறுக்கி வந்தார். கரட் கிழங்கை முறித்தது போல ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. மருமகன் கத்தவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். தொப்பைக்காரர்தான் பக்கத்தில் முழந்தாளிட்டு அழுதார்.

இனிச் சொல்லப்போவதை என் மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை. அம்புலன்ஸ் வந்தது. மகள் அதில் ஏறினாள். "நீங்கள் முன்னாலை போங்கோ, நான் பின்னாலை வாறன்" என்று நான் சொன்னேன். ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனால்ரிக்குப் போகவிருந்தது. நான் பெனால்ரி பார்க்க நின்றுவிட்டேன்.

வென்றோம். கோப்பையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், அதைக் காருக்குள் வைத்துவிட்டு உள்ளே நடந்தேன். மருமகன் கட்டிலில் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "மாமா, நாங்கள் வெண்டதா?" என்றுதான். நாங்கள் என்றார். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முழங்காலின் உள்ளே தசைநார் அறுந்திருந்தது. திங்கட்கிழமை அவர் கழகத்தின் வைத்தியரிடம் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் கூடி ஒரு பொய்யை நெய்தோம். எங்கள் பேஸ்மென்ற் படியில் வழுக்கி விழுந்துவிட்டார். எந்தப் படி, கையில் என்ன இருந்தது, யார் தூக்கினது, எல்லாம் பேசி முடிவு செய்தோம். கோல் அடித்த வீடியோ அதற்குள் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழு வழியாகப் பாரிஸ், லண்டன் எல்லாம் போய்விட்டிருந்தது. ஆனால் தமிழருடைய வாட்ஸ்அப்பை எந்த வெள்ளைக்காரன் பார்க்கப்போகிறான்? மருமகன் எல்லாவற்றுக்கும் "ஓம் மாமா, ஓம் மாமா" என்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை பின்னேரம் ஊன்றுகோலோடு திரும்பி வந்து, உண்மையைச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். இருந்த ஒப்பந்தமும் போயிற்று, புதியதும் இல்லை.

என்னால் நம்ப முடியவில்லை. அவர் விளங்காமல் பேசுகிறார் என்று நினைத்து மகளைக் கூப்பிட்டேன். அவள் வந்து, உண்மைதான் என்றாள். எனக்கு வந்த கோபத்தில் மேசையில் அடித்தேன். படியில் விழுந்தேன் என்று சொல்ல வாய் வலிக்குமா என்று கேட்டேன். அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து ஃபோனை எடுத்துக் காட்டினார். பழைய ஆட்டங்களின் அணிப்பட்டியல்கள். சைப்பிரஸில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். நோர்வேயில் அடைப்புக்குள் ஓர் எழுத்து. ஆசியாவில் பெயரே வேறு நிறத்தில். ரொறன்ரோவிலும் ஒரு குறி. எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம்தான், வெளிநாட்டவர். ஓர் அணி இத்தனை வெளிநாட்டவரைத்தான் வைத்திருக்கலாம் என்று கணக்கு இருப்பதால் அந்தக் குறியாம். பத்து வருடமும் அவர் அந்தக் குறியோடுதான் ஆடியிருக்கிறார். கடைசிப் படம் என் கையெழுத்தில் இருந்தது. பெயர், வயது, எங்கள் ஊர்.

"படியில் விழுந்தேன் என்று சொன்னால் அந்த ஆட்டத்தை நான் ஆடவில்லை என்று ஆகிவிடும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு தமிழில், "நான் ஆடினனான் மாமா" என்றார்.

நான் எழும்பிக் கராஜுக்குள் போய் நின்றேன். மனைவி கோப்பையை அங்கேதான், ஸ்னோ ரயர்களுக்குப் பின்னால் வைத்திருந்தார். எனக்காக மாமா அரை மணித்தியாலம் சண்டை பிடித்தார் என்று அந்த மனுசன் நம்பிக்கொண்டிருக்கிறார் என்றே எனக்குப் பட்டது. நான் யாருக்காகக் கத்தினேன் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வருடம் அதை விழுங்கிக்கொண்டு திரிந்தேன். முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. நடக்கலாம், இனிச் சம்பளத்துக்கு ஆட முடியாது என்றார்கள். மருமகன் வேறு நாட்டுக்குப் போகவில்லை. கால் போனபின் யார் கூப்பிடுவார்கள்? இப்போது பகலில் ஒரு பண்டகசாலையில் வேலை. சனிக்கிழமைகளில் ஒஷாவாவில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறார்.

இந்தக் கோடையில் சுற்றுப்போட்டிப் படிவம் வந்தது. நான் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தேன். மருமகன் எதிரே முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். "என்னையும் எழுதுங்கோ மாமா" என்றார். ஆடுவதற்கு இல்லையாம், பெயர் இருந்தால் காணுமாம்.

பேனையை மேசையில் வைத்தேன். இனியும் விழுங்க என்னால் முடியவில்லை.

"தம்பி, அண்டைக்கு நான் உங்களுக்காகக் கத்தேல்லை. கோப்பைக்காகத்தான் கத்தினனான்."

குசினியில் மனைவி தண்ணீர்க் குழாயை நிறுத்தியது கேட்டது. மருமகன் தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும் மாமா" என்றார்.

மகள் அன்று மரத்தடியில் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்திருக்கிறாள். ஐந்தாம் வருடமும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகமாட்டேன் என்று நான் குழறிக் கத்தியதையும் சேர்த்துத்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் இந்த மனுசன் காரடிக்குப் போய்ப் பூட்ஸை எடுத்திருக்கிறார். பிறகு ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டேன்.

அவர் ஐஸ் பையை வைத்துவிட்டு, ஈர விரலைப் படிவத்தின் மூன்றாவது கட்டத்தில் வைத்தார்.

"எழுதினது நீங்கள்தானே."

அவருடைய பெயரை எல்லோருக்கும் முதலில் எழுதினேன். வயது முப்பத்திரண்டு. மூன்றாவது கட்டத்தில் எங்கள் ஊரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். அவர் அதையும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார்.